கோட்டைக்குப் பின்னால் திராட்சைக் கொடி

அண்ணன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று இரண்டு வருஷமாக ஒரே பிடியாக நின்ற புஷ்பபாய், மகளுடைய கல்யாணத்துக்காக அந்தப் பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாறசாலையில் பஸ் ஏறியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த பஸ் இப்போது குழித்துறைப் பாலத்தைத் தாண்டித் தக்கலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறது.

ஜன்னலோரத்தில் புஷ்பபாய். பக்கத்தில் மகள் ஜெஸி, மடிப்புக் கலையாத பாலராமபுரம் சேலையில். முன் இருக்கையில் கணவர் ரெத்தினதாஸ், சர்க்கார் பள்ளிக்கூடத்து வாத்தியார். காலையிலிருந்து அவர் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கை மட்டும் அடிக்கடி இடுப்புப் பக்கம் போய் எதையோ தடவிப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பியது. அது அவருக்கு இரண்டு வருஷமாக உள்ள பழக்கம். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று புஷ்பபாய் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வளைவு வந்தது. அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கேதான் அவள் மகன் விஜயதாஸ் விழுந்தான்.

தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போன கூட்டத்தின்மேல் துப்பாக்கி வெடித்த அந்த ஆகஸ்டு மாதத்தில் அவனுக்கு வயசு பத்தொன்பது. மீசை சரியாக முளைக்கவில்லையே என்று கண்ணாடி முன்னால் நின்று வருத்தப்படுகிற வயசு.

சவத்தோடு கூடவே வந்த அண்ணன் பொன்னுதாஸைப் பார்த்து அன்றைக்கு அவள் கேட்டதைச் சபையே கேட்டது.

"எனக்க பிள்ளைய நீதானே கூட்டிட்டுப் போன? இப்ப எனக்குத் தா."

பொன்னுதாஸ் போராட்டத்தில் முன்வரிசை ஆள். அதற்காக ஜெயிலுக்கும் போய் வந்தவர். மருமகனை வேறு யார் கூட்டிக்கொண்டு போயிருக்கமுடியும்? அவரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் முடிந்ததும் போனவர்தான், அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

இந்தத் துக்கத்தில் சபைக் கட்டுப்பாடு ஒன்றும் வந்து சேர்ந்துகொண்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேதக் கோயிலில் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் பந்தி. முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனை. அதில் உபதேசியார் யோசுவா ஒவ்வொரு வரிசையாக வந்து ஆளாளுக்கு, "நாளைக்குப் பந்திக்கு உண்டா?" என்று கேட்பார். யார்மேலும் மனத்தில் குறை இல்லாதவர்கள் "உண்டு" என்பார்கள். குறை வைத்திருப்பவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஏன், எதற்கு என்று உபதேசியார் கிண்டுவதில்லை, அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

இரண்டு வருஷமாகப் புஷ்பபாய் பேசாமல் இருந்தாள். ஆண்கள் பக்கத்தில் ரெத்தினதாஸும் பேசாமல் இருந்தார். மனைவி விலகி நிற்கும்போது தான் மட்டும் போய்ப் பந்தியில் முழங்கால் போடுவதா என்று அவர் நிற்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்மேல் அவளுக்கு முன்னைவிடப் பிரியம் கூடியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பந்திக்கு வேண்டிய திராட்சரசத்தை மாதாமாதம் செய்து கொடுப்பவளே புஷ்பபாய்தான். முன்பெல்லாம் அண்ணன் வீட்டுக் கொடியில் பழுத்த திராட்சை வரும். சண்டைக்குப் பிறகு நெய்யாற்றின்கரைக் கடையில் வாங்கும் உலர்ந்த திராட்சை. இன்றைக்கும் ஒரு சட்டி நிறைய ஊறப்போட்டு மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் பிழிந்து கொடுத்துவிட்டுத் தன் நாக்கில் ஒரு சொட்டு படாமல் இருந்தாள் மனுஷி.

இருந்துவிட்டுப் போகட்டும் என்றால், ஜெஸி கல்யாணம் குறுக்கே வந்தது. பந்தியை விட்டு விலகி நிற்கும் தாய்தகப்பன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கோயிலில் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசிக்கமாட்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்காமல் கல்யாணமும் கிடையாது. மாப்பிள்ளை ராபின்சனின் தகப்பனார் ஞானையனோ, அடுத்த மாதம் முதல் தேதி தமிழ்நாடு, கேரளம் என்று நாடு பிரிவதற்குள் தாலி ஏறிவிடவேண்டும் என்கிறார். பெண்ணின் கையைப் பிடித்துக் கோயில் படி ஏற்றத் தாய்மாமன் வந்தாகவேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம்.

ஆகவே இன்று பகலில் அண்ணனும் தங்கையும் சேரவேண்டும். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் "உண்டு" என்று சொல்லவேண்டும். நாளைக் காலையில் முதல் ஓலை. இதில் ஒன்று தவறினாலும் ஜெஸி கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

சந்திக்கும் இடத்தையும் ஞானையனே சொல்லியனுப்பியிருந்தார். எந்த வீடும் வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக் கொட்டாரத்தில் சந்திப்போம், அப்படியே உதயகிரிக் கோட்டையையும் பார்த்ததாக இருக்கும், நாடு பிரிவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடவேண்டும் என்று. நாடு பிரிந்தால் கொட்டாரம் எழுந்து நடந்து போய்விடுமா என்று ஜெஸி பஸ்ஸில் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம். புஷ்பபாய் அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வார்த்தை ஜெபம் பண்ணிக்கொண்டாள்.

கொட்டார வாசலில் ஞானையன் குடையோடு நின்றுகொண்டிருந்தார். தடி வியாபாரி, மரம் வாங்கி விற்பவர். ராஜா வீட்டைப் பார்க்க வந்த மனுஷர், தூணைத் தட்டிப் பார்த்தார், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார், இந்தமாதிரிப் பலாத்தடி இப்போது எந்த மலையிலும் கிடைக்காது என்று பெருமூச்சு விட்டார். பின்னால் ராபின்சன், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை போட்டு வேர்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னுதாஸ் தள்ளி ஒரு தூணோடு தூணாக நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புஷ்பபாய் பார்த்தாள். பார்த்ததும் செருப்பைக் கழற்றுவதில் ரொம்ப மும்முரமாகிவிட்டாள்.

"மக்கா, வந்தியா?" என்றார் அவர் ஜெஸியைப் பார்த்து.

"வந்தேன் மாமா."

அவ்வளவுதான். எல்லோரும் உள்ளே போனார்கள். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய இருட்டு மாடிப்படி, ராஜா படுத்த கட்டில், ஊருக்கே சோறு போட்ட நீண்ட ஊட்டுப்புரை, ஆள் இறங்கி நிற்கலாம் போன்ற ஊறுகாய்ப் பரணிச் சாடிகள். கறுப்புத் தரை கண்ணாடியாக மின்னியது. அந்தத் தரையில் தெரிந்த ஜெஸி முகத்தையே ராபின்சன் பார்த்துக்கொண்டு நடந்தான். நேராகப் பார்க்கத் துணிச்சலில்லை. ஜெஸிக்கும் அது தெரிந்துவிட்டது. அவள் தரையைப் பார்த்துக் குனிந்தபடியே நடந்தாள். பெரியவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"கொட்டாரம் தமிழ்நாட்டுல நிக்கும், சாவி திருவனந்தபுரத்துல இருக்கும்னு பேசிக்கிடுதாவ," என்றார் ஞானையன். "எப்படியோ உங்க தக்கலை தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு. நீங்க ஜெயிச்சாச்சு பொன்னுதாஸ்."

பொன்னுதாஸ் ஜன்னல் மரக்கம்பி வழியாக வெளியே பார்த்தார்.

"எங்க விஜயதாஸ் கிடக்கப்பட்ட மண்ணு அந்தப் பக்கம் போச்சே," என்றார்.

உண்மைதான். விளவங்கோடுவரை சேர்த்தார்கள், பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்துக்கு என்று விட்டுவிட்டார்கள். எந்த எல்லைக்காக அந்தப் பையன் உயிரை விட்டானோ, அந்த எல்லை அவன் கல்லறைக்குக் கிழக்கே விழுந்துவிட்டது. ரெத்தினதாஸ் சட்டென்று திரும்பி, வெளியே காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

வெயில் சாயத் தொடங்கும்போது உதயகிரிக் கோட்டைக்குப் போனார்கள். மலையைச் சுற்றி வளைத்துக் கட்டிய கருங்கல் மதில். கல்லிடுக்குகளில் ஆலும் அரசும் வேர்விட்டு இறங்கியிருந்தன. பீரங்கி வார்த்த இடம் என்று சொன்ன இடத்தில் ஆடு மேய்ந்தது. உள்ளே ஒரு பழைய கோயில். கூரை போய் எத்தனையோ காலம். நாலு சுவருக்கு மேலே வானம். தரையில், ராஜாவுக்குப் படை நடத்திய டச்சுக் கப்பித்தானின் கல்லறைக் கல்.

ஞானையன் மதிலின் அகலத்தைக் குடையால் அளந்துகொண்டிருந்தார். ராபின்சன் கல்லறைக் கல்லில் இருந்த எழுத்தை ஜெஸிக்குப் படித்துக் காட்டினான். அது அவனுக்கும் தெரியாத பாஷை என்பதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெத்தினதாஸ் வாசல் படியிலேயே நின்றுவிட்டார்.

புஷ்பபாய் சுவரோரம் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தூரதேசத்திலிருந்து வந்து இங்கே மண்ணாகிப் போனவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள், அவளுக்குப் பிள்ளையின் கல்லறையைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை என்று நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சு இளகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார். தங்கை கல்லிலும் அண்ணன் தரையிலும்.

"உனக்குத் தலை எல்லாம் நரைச்சுப் போச்சே அண்ணா," என்றாள்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. பொன்னுதாஸ் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நான் ஜெஸிக்கு வேண்டித்தான் வந்தேன். பொய் சொல்லல்ல. வாயால சேந்துட்டு மனசுல வச்சுக்கிடலாம்னுதான் வந்தேன். உன்னப் பாத்தபெறவு முடியல்ல." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் உனக்கும் பிள்ளதானே. நீ என்ன, சாவணும்னா கூட்டிட்டுப் போன? உனக்க மேல எனக்குக் குறை இல்ல. கர்த்தர் அறியச் சொல்லுதேன்."

பொன்னுதாஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதார். அவள் இறங்கி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். மலையைத் தூக்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. சாயங்காலம் உண்டு என்று சொல்லலாம். ஜெஸிக்கு ஓலை வாசிப்பார்கள்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டைக்குப் பின்னால்தானே வீடு, ஒரு வாய் கிழங்கும் மீனும் தின்றுவிட்டுப் போங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டார். ரெத்தினதாஸ் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். பஸ் போய்விடும், ஆயத்த ஆராதனைக்கு நேரமாகிவிடும், இன்னொரு நாள் வரலாம் என்று காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கினார். அவர் நெற்றியில் முத்துமுத்தாக வேர்த்திருந்தது.

கொடியில் பழம் இருக்கிறதா என்று கேட்டாள் புஷ்பபாய். நிறையக் கிடக்கிறது என்றார் அண்ணன். நாளைப் பந்திக்கு அந்தப் பழத்தைப் பிழியவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சாயா குடியுங்கள், நான் ஓடிப்போய்ப் பறித்துக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன் என்றாள்.

"புஷ்பம், வேண்டாம்," என்றார் ரெத்தினதாஸ்.

அவள் அதற்குள் அண்ணனோடு நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அண்ணி சுகிர்தபாய் அவளைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, பழம் போடக் கூடை எடுக்க உள்ளே ஓடினாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவரக் கிணற்றுப் பக்கம் போனார். புஷ்பபாய் நேராகக் கொல்லைப்புறம் போனாள். பழைய மிஷன் பங்களாவிலிருந்து தண்டு வெட்டி வந்து அவளும் அண்ணனும் சேர்ந்து நட்ட கொடி. கோட்டை மதிலோடு ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். கருநீலமாகக் குலைகள் தொங்கின.

மேலே இருந்த குலை எட்டவில்லை. ஏறி நிற்க ஏதாவது கிடைக்குமா என்று மதிலோரம் கிடந்த சாக்கை விலக்கினாள்.

சாக்குக்கு அடியில் ஒரு சைக்கிள்.

சைக்கிள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த இருக்கையில் போட்டிருந்த உறை, நீலத் துணியில் வெள்ளைப் பூப் போட்டது. ஜெஸியின் பழைய பாவாடையை வெட்டி அவளே கைத்தையல் போட்டுக் கொடுத்தது.

ரெத்தினதாஸுடைய சைக்கிள். ஊர்வலத்துக்கு முந்தின நாள் சந்தையில் களவுபோய்விட்டது என்று அவர் சொன்ன சைக்கிள். மகன் போன வீட்டில் சைக்கிள் போனதை யார் விசாரித்தார்கள்?

பின்சக்கரத்துப் பூட்டில் சாவி அப்படியே நின்றது. சாவியின் காதில் ஒரு துண்டுச் சிவப்பு நூல்.

அந்தச் சாவியை அவள் அறிவாள். அவர் அதைச் சிவப்பு நூலில் கோத்து அரைஞாணோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். குளிக்கப் போனாலும் அவிழ்க்கமாட்டார். ஒரு சுற்று ஓட்டிவிட்டுத் தருகிறேன் என்று விஜயதாஸ் எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறான். ஒரு நாளும் கொடுத்ததில்லை. களவாடியவன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். இடுப்பிலிருந்த சாவியை எப்படிக் கொண்டுபோவான்? அந்த முடிச்சை அவர் கையால் அவிழ்த்தால்தான் உண்டு.

பின்னால் செம்பு கீழே விழுந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"இது எப்படி இஞ்ச வந்துது?" என்று கேட்டாள்.

"மக்கா, அத விடு."

"விஜயதாஸ் இதுலயா வந்தான்?"

அவர் குனிந்து செம்பை எடுத்தார்.

"சாவி யாரு குடுத்தது அண்ணா?"

"கேக்காத. ஜெஸிக்க கல்யாணம் கழியட்டும். எனக்க பொன்னு மக்கால்லியா?"

அவள் நகரவில்லை. கேட்காமல் போகமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஊர்வலத்துக்கு ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் என்று சொல்லியிருந்தார்கள். சர்க்கார் உத்தியோகக்காரர்கள் வந்தால் வேலை போய்விடும். கூட்டத்தில் விஜயதாஸைப் பார்த்ததும் தான் பதறிப்போய், வீட்டுக்குத் திரும்பு என்று சத்தம் போட்டதாகச் சொன்னார். பையன் சிரித்தானாம். அப்பாவுக்குப் பதில் நான் மாமா, அப்பாவே சாவி தந்து அனுப்பினார் என்றானாம். முதல்முதலாகச் சைக்கிள் கிடைத்த சந்தோஷம்தான் அவன் முகத்தில் இருந்தது என்றார். ஒரு சாயாக்கடையில் சைக்கிளைப் பூட்டிச் சாவியை மாமன் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்குள் போனானாம்.

"அடக்கம் கழிஞ்ச மறுநாள் உனக்க மாப்பிள்ள இஞ்ச வந்தாரு," என்றார் பொன்னுதாஸ். "சைக்கிளக் கொண்டு போவும்னு சாவியப் பூட்டுல போட்டுக் குடுத்தேன். அந்த இருக்கையப் பிடிச்சிட்டு நின்னு அழுதாரு. என்னால முடியாதுன்னுட்டு நடந்தே போயிட்டாரு."

"என்னட்ட நீ சொல்லியிருக்கலாம்லா? ஊருக்கு முன்னால வச்சு உன்ன நான் என்னெல்லாம் கேட்டேன்!"

"சொன்னா? பிள்ளையும் போயி மாப்பிள்ளையும் வேண்டாம்னு ஆனா நீ யாருகூட இருப்ப? அண்ணன் கூடப் பிணங்கினா பொறந்த வீடு மட்டும்தானே போவும்."

புஷ்பபாய் பூட்டிலிருந்து சாவியை உருவி முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். பிறகு கூடையை வாங்கி, ஒவ்வொரு குலையாகப் பறித்து நிரப்பினாள். அவள் கை நடுங்காததைப் பார்த்துத்தான் பொன்னுதாஸுக்குப் பயம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூடை ஜெஸி மடியில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் கோயில் பாட்டுக் குழுவில் பாடலாம் என்று ராபின்சன் சொன்னதை அவள் அம்மா காதில் ரகசியமாகச் சொன்னாள்.

"மாமா மேல உள்ள கோவம் தீந்துதா அம்மா?"

"தீந்துது மக்கா."

முன் இருக்கையில் ரெத்தினதாஸின் கை இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது. இரண்டு வருஷமாக அது எதைத் தேடுகிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. ஒரு வயிற்று நோயும் இல்லாத மனுஷனுக்கு எத்தனை கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்! அவர் பந்தியை விட்டு விலகி நின்றது தனக்காக அல்ல என்பதும் தெரிந்தது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மகன் போன துக்கத்திலும் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே ஆறுதல் அது. அதுவும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜெஸி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். புஷ்பபாய் அடுக்களையில் உட்கார்ந்து, ஊறிய உலர்ந்த திராட்சையை அப்படியே வைத்துவிட்டுப் புதுப் பழத்தைத் துணியில் கட்டிப் பிழிந்தாள். ரசம் கறுஞ்சிவப்பாகச் சட்டியில் இறங்கியது.

ரெத்தினதாஸ் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்தாச்சு," என்றார் மெல்ல. "இனி நாம பந்திக்குப் போவலாம்லா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுன்னு பறஞ்சாவ," என்றார். "எனக்கு வேல போயிரும்னு பயம். அவன் போறேன்னு சொன்னான். போய்ட்டு உடனே வந்துருவான்னு நெனச்சேன்."

"அனுப்பினத நான் கேக்கல்ல. எந்தத் தகப்பன் சாவக் கண்டுட்டு அனுப்புவான்? எனக்க அண்ணன நான் ஊருக்கு முன்னால கொலகாரனாக்கினேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க."

"அண்ணைக்கு வாய் தொறக்கல்ல. அதுக்குப் பெறவு தொறக்க முடியல்ல புஷ்பம்."

கோயில் மணி அடித்தது. ஜெஸி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, நேரமாயிற்று என்றாள். ரெத்தினதாஸ் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு எழுந்தார். மூவரும் வழக்கம்போல வரிசையாக நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள், இந்த வீட்டில் நல்ல காரியம் கூடிவந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

கோயிலில் பெற்றோமாக்ஸ் விளக்கு இரைந்தது. போதகர் ஜெபத்தை முடித்தார். உபதேசியார் யோசுவா பெண்கள் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு வரிசையாக "உண்டு", "உண்டு" என்று சத்தம் நெருங்கி வந்தது. ஜெஸி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புஷ்பபாய், நாளைக்குப் பந்திக்கு உண்டா?"

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் மகளைப் பார்த்தாள். மகளுடைய முகத்தில் கொட்டாரத்துத் தரையில் தெரிந்த அதே வெளிச்சம் இருந்தது.

"உண்டு," என்றாள்.

ஒரு தப்பும் செய்யாதவர்மேல் குறை வைத்து இரண்டு வருஷம் பந்தியை விட்டு நின்றவள், நியாயமாக மனம் கொதித்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் உண்டு என்று சொல்லிவிட்டாள். கர்த்தரிடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. மகளுக்காகச் சொன்னாள். ஓலை வாசிக்க இனி ஒரு வார்த்தைதான் பாக்கி.

உபதேசியார் ஆண்கள் பக்கம் போனார்.

"ரெத்தினதாஸ் வாத்தியாரே, நாளைக்குப் பந்திக்கு உண்டா?"

இந்தக் கேள்விக்கு உட்கார்ந்தபடியே பதில் சொல்வதுதான் வழக்கம். ரெத்தினதாஸ் எழுந்து நின்றார். எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் மனைவி இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மூடியிருந்த கையை மெதுவாகத் திறந்து உபதேசியாரின் முன்னால் நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் விரலிடுக்கிலிருந்து ஒரு துண்டுச் சிவப்பு நூல் தொங்கியது.

சின்ன வயதில் அப்பாவின் மடியில் இருந்து அந்த நூலைப் பிடித்து இழுத்து விளையாடிய ஜெஸி, அம்மாவின் கையை விட்டுவிட்டாள்.

"அம்மா," என்று கேட்டாள், "அது நம்ம களவுபோன சைக்கிளுக்க சாவியல்லியா?"